கேமரா யாரைப் பார்க்கிறது?

(பண்ருட்டியில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர்களுக்காக நடந்த ஞாயிறு வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கல்லூரி விண்ணப்பத்துக்கு வீடியோ எடுப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். பேசுகிறேன். ஆனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உங்களில் பெரும்பாலானோருக்கு இது தேவையே இல்லை. பொறியியல் கலந்தாய்வுக்கு யாரும் உங்கள் வீடியோவைக் கேட்கப் போவதில்லை. அரசுக் கலைக் கல்லூரியிலும் கேட்கப் போவதில்லை. மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் என்று காகிதங்கள்தான். "இப்பல்லாம் வீடியோ கட்டாயம், எங்க ஸ்டுடியோவுல எடுத்துத் தர்றோம், இருபதாயிரம் ஆகும்" என்று யாராவது வந்தால், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு உதவித்தொகையோடு விண்ணப்பிக்கும் சிலருக்குத்தான் இது வருகிறது. சிகாகோ பல்கலைக்கழகம் இரண்டு நிமிட அறிமுக வீடியோ அனுப்பலாம் என்கிறது. பிரவுன் பல்கலைக்கழகம் ஒன்றரை நிமிடம் என்கிறது. இங்கே அசோகா, அசிம் பிரேம்ஜி போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில் நேர்காணல் உண்டு. ஒரு முகம், ஒரு குரல், அதற்குப் பின்னால் ஒரு சுவர். எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

இந்த முகத்தையும் குரலையும் சுவரையும் பற்றித்தான் நாம் யோசிக்க வேண்டும். ஏனென்றால் நம் ஆட்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. பழைய நேர்காணல் இப்போது கைப்பேசிக்குள் புகுந்து வந்திருக்கிறது.

நமது பொறியியல் தரவரிசைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் முகம் கிடையாது. உங்கள் அப்பா எந்த வேலை செய்கிறார், உங்கள் ஆங்கிலத்தில் 'ழ'கரம் எட்டிப் பார்க்கிறதா, சட்டை இஸ்திரி போட்டதா என்று அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. அதை நாம் வெறும் நிர்வாக வசதி என்று நினைக்கிறோம். நான் அதைச் சமூகநீதியின் கருவி என்பேன். அது ஒரு நாளில் வந்துவிடவில்லை. 1970இல் தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்காணலுக்கு மட்டும் 75 மதிப்பெண் இருந்தது. அந்த மதிப்பெண்ணைத் தலைப்பு தலைப்பாகப் பிரித்துப் போட வேண்டும் என்பது விதி. தேர்வுக் குழுவினர் மொத்தமாக ஒரு எண்ணைப் போட்டுவிட்டுப் போனார்கள். பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தவறு என்றது. ஒருவரைப் பார்த்தவுடன் மனதில் தோன்றுகிற ஒரு எண். அது எங்கிருந்து தோன்றுகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்து ஆண்டு கழித்து, 1980 நவம்பரில், அஜய் ஹாசியா வழக்கில் தீர்ப்பு வந்தது. ஸ்ரீநகரில் உள்ள மண்டலப் பொறியியல் கல்லூரியைப் பற்றிய வழக்கு. எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50. ஒரு மாணவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் ஒதுக்கினார்கள். அந்த நேரத்தில் என்ன கேட்டார்கள் தெரியுமா? உன் பெற்றோர் யார், எங்கே குடியிருக்கிறாய். இதைக் கேட்டுவிட்டு 50க்கு மதிப்பெண் போட்டார்கள். நம் ஊரில் "எந்த ஊருப்பா?" என்று கேட்பார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும், "அதுல எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி வரும். காஷ்மீரிலும் அதே கேள்விதான் போலிருக்கிறது. நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

அதே தீர்ப்பில் நீதிபதி பகவதி இன்னொன்றும் எழுதினார். நேர்காணலை ஒலிநாடாவில் பதிவு செய்வது நல்லது, பிறகு நீதிமன்றம் கேட்டுப் பார்க்கலாம் என்றார். இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பதிவுக் கருவி எதற்கு? கேள்வி கேட்பவரைக் கண்காணிக்க. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் என்ன கேட்டார், எப்படிக் கேட்டார் என்பதற்குச் சாட்சியாக. இன்றைக்கு நடப்பது நேர்மாறு. கேமரா நம்மை மட்டும் பார்க்கிறது. பார்ப்பவர் யார், எத்தனை வினாடி பார்த்தார், எந்த இடத்தில் முகம் சுளித்தார் என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை.

இது காலாவதியான கதை அல்ல. தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அப்துல் நஃபே தலைமையிலான குழு 2016இல் ஒரு அறிக்கை கொடுத்தது. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணையும் நேர்காணல் மதிப்பெண்ணையும் ஒப்பிட்டார்கள். சமூகப் பிரிவைப் பொறுத்து ஒரே மாதிரியான இடைவெளி ஆண்டுதோறும் தெரிந்தது. நேர்காணல் மதிப்பெண்ணை 30இலிருந்து 15ஆகக் குறையுங்கள் என்றது குழு. அதே ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதி, எழுத்துத் தேர்வை வெறும் தகுதித் தேர்வாக்கி, ஆராய்ச்சிப் படிப்புக்கான தேர்வு முழுவதையும் நேர்காணலிடம் ஒப்படைத்தது. 2017 மார்ச்சில் இறந்துபோன சேலத்துத் தோழர் முத்துக்கிருஷ்ணனை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். இறப்பதற்குச் சில நாள் முன்பு அவர் முகநூலில் எழுதியது இந்தச் சேர்க்கையைப் பற்றித்தான், நேர்காணலில் சமத்துவம் இல்லை என்பதைத்தான்.

வெளிநாட்டில் இதெல்லாம் இருக்காது என்று நினைக்க வேண்டாம். 1922இல் ஹார்வர்டில் முதலாண்டு மாணவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் யூதர்கள். தேர்வு வைத்தால் அவர்கள் வந்துவிடுகிறார்கள். அன்றைய தலைவர் லோவல் யூதர்களுக்கு ஒரு உச்சவரம்பு வைக்கப் பார்த்தார், வெளிப்படையாக வைத்ததால் எதிர்ப்பு வந்தது. பிறகு என்ன செய்தார்கள்? 'குணநலன்' பார்க்கிறோம் என்றார்கள். 1926 முதல் விண்ணப்பத்தோடு புகைப்படம் ஒட்டச் சொன்னார்கள். நீங்கள் இன்று அனுப்பப்போகும் வீடியோவுக்குத் தாத்தா அந்தப் புகைப்படம். 'தகுதி', 'திறமை', 'ஆளுமை' என்ற சொற்களை யாராவது உச்சரித்தால் பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது நம் அனுபவம். அவர்களுக்கும் அதே அனுபவம்தான்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. 2010இல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் விருப்பமிருந்தால் ஒரு நிமிட வீடியோ அனுப்புங்கள் என்றபோது, சுமார் 1000 பேர் அனுப்பினார்கள். 2014இல் கௌச்சர் என்ற சிறிய கல்லூரி, மதிப்பெண் பட்டியலே வேண்டாம், இரண்டு நிமிட வீடியோ போதும் என்று ஒரு வழியைத் திறந்தது. மதிப்பெண் என்பது பணத்தின் நிழலாக மாறிவிட்ட நாட்டில் அது ஒரு சன்னல்தான். மதிப்பெண்ணும் சாதி பார்க்காமல் வருவதில்லை என்பது நீட்டுக்குப் பிறகு நம் எல்லோருக்கும் தெரியும். அதனால் வீடியோவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். எந்தக் கதவு திறந்தாலும் காலை வைக்க வேண்டும். எப்படி வைப்பது என்பதுதான் பேச்சு.

2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹார்வர்டு வழக்கில் இன அடிப்படையிலான சேர்க்கைக்கு முடிவு கட்டியது. ஆனால் ஒரு மாணவர் தன் கட்டுரையில், இனம் தன் வாழ்வை எப்படிப் பாதித்தது என்று எழுதினால், அதைப் பரிசீலிக்கலாம் என்றும் சொன்னது. விளைவு என்ன? உரிமையாக இருந்த ஒன்று கதையாக மாறிவிட்டது. இனி ஒவ்வொரு பிள்ளையும் தன் காயத்தைத் தானே விவரித்துக் காட்ட வேண்டும், அதுவும் நன்றாக விவரிக்க வேண்டும். இடஒதுக்கீடு கேட்பவரிடம் கண்ணீர் கேட்பதில்லை, சான்றிதழ் கேட்கிறது. அதனால்தான் அது சலுகை அல்ல, உரிமை. வீடியோ விண்ணப்பத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஒரு தங்கை தன் வீடியோவை எனக்குக் காட்டினாள். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். வீடியோவின் முதல் காட்சி அம்மாவின் கை. விரல் நுனியெல்லாம் கறுத்து, தோல் வெந்து உரிந்த கை. பின்னணியில் சோகமாக ஒரு புல்லாங்குழல். 'என் அம்மா எனக்காகப் படும் கஷ்டம்' என்று ஆங்கிலத்தில் எழுத்து ஓடுகிறது. அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது ஒரு யூடியூப் சேனல். முதல் மூன்று வினாடியில் பார்ப்பவர் மனதை உலுக்க வேண்டுமாம்.

நான் அவளிடம் கேட்டேன்: "அம்மா கை ஏம்மா அப்படி ஆகுது?" அவளுக்குத் தெரிந்திருந்தது. கொட்டையின் ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது, அது பட்டால் வெந்துவிடும், அதனால்தான் கையில் சாம்பல் பூசிக்கொண்டு உட்காருவார்கள் என்றாள். அந்த எண்ணெய்க்குள் என்ன இருக்கிறது? தெரியாது. தேடிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு நாளில் வந்துவிட்டாள். அனகார்டிக் அமிலம், கார்டால் என்று பெயர்களோடு வந்தாள். வண்டியின் பிரேக்கில், பெயிண்டில், வார்னிஷில் அந்த எண்ணெய் பயன்படுகிறது என்று கண்டுபிடித்து வந்தாள். துணி வெளுப்பவர்கள் குறி போடப் பயன்படுத்துகிற சேங்கொட்டையும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பம் என்றும் சொன்னாள். அதை நான் அவளிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். வெளுக்கிறவர் கையையும் உடைக்கிறவர் கையையும் ஒரே குடும்பத்துச் சாறு பொசுக்குகிறது. அதை விற்கிறவர் கையில் ஒரு பொட்டு படுவதில்லை.

அந்தத் தங்கை வேதியியல் படிக்க விண்ணப்பிக்கிறாள். இதைவிட வேறென்ன வேண்டும்? அதே கை, அதே அம்மா. முதல் வீடியோவில் அவள் பரிதாபத்துக்குரிய பிள்ளை. இரண்டாவதில், தன் தெருவில் நடக்கும் ஒரு வேதிவினையைப் பார்த்து, அதன் காரணத்தைத் தேடி, கை வேகாமல் உடைக்க வழி உண்டா என்று கேட்கிற ஆள். புல்லாங்குழலை எடுத்துவிட்டாள். அம்மாவிடமும் கேட்டிருக்கிறாள், "ஒன் கையக் காட்டட்டுமா?" என்று. அம்மா சொன்ன பதில்: "கைய எதுக்குடி காட்டுற, என்னக் கேளு, நானே சொல்றேன்." கடைசியில் பன்னிரண்டு வினாடி அந்த அம்மா பேசுகிறார், கொட்டையை எப்படிப் பிடித்தால் எண்ணெய் தெறிக்காது என்று. தமிழில்தான். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடுகிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். பார்க்கப்படுகிற பொருளாக உட்காராதீர்கள். பார்க்கிற ஆளாக உட்காருங்கள். நம் மாவட்டத்துக்காரர், காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள், இந்திய அளவில் தீண்டாமை குறித்து ஆராய 1965இல் அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைவராக இருந்தார். 1969இல் வந்த அந்த அறிக்கை யாரிடமும் இரக்கம் கேட்கவில்லை. எங்கே, எந்த வடிவத்தில் தீண்டாமை இருக்கிறது என்று கணக்கெடுத்துக் கொடுத்தது. ஆளுகிறவர்களுக்கு அதுதான் சங்கடமாக இருந்தது. அழுகைக்கு ஒரு கைக்குட்டையை நீட்டிவிட்டுப் போய்விடலாம், கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வறுமையைச் சொல்லவே கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லுங்கள். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று அடித்தபோது இங்கே பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை உங்கள் தாத்தா பாட்டி இன்றும் சொல்லுவார்கள். கொல்லை வைத்திருந்தவருக்கு மரம் போனது, அந்தக் கொல்லையில் கூலிக்குப் போனவருக்கு என்ன போனது? நிவாரணப் பட்டியலில் மரம் இருந்தால் பெயர் வரும், மரம் ஏறியவர் பெயர் எங்கே வரும்? இதைக் கேட்டால் அது வறுமையின் புலம்பல் அல்ல, பொருளாதாரம். பொருளியல் படிக்கப் போகிற தம்பி இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் பாட்டியிடம் பேசிப் பதிவு செய்யுங்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு குழி இருக்கிறது. கோட்டு வாடகைக்கு எடுத்து, தெரிந்தவர் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து, அமெரிக்கப் படத்தில் வருகிறவர்போல நாக்கைச் சுழற்றுவது. செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கி மனப்பாடம் செய்து ஒப்பிப்பது. 'சிறு வயதிலிருந்தே எனக்கு ஆர்வம்' என்று தொடங்கும் அந்த வீடியோக்களை ஒருவர் காலையிலிருந்து நூறு பார்த்திருப்பார். நூற்றியோராவதாக நீங்கள் எதற்கு? அதுவும் அந்த விளையாட்டில் நாம் ஜெயிக்க முடியாது. ஐந்து வயதிலிருந்து அந்த ஆங்கிலத்தில் புழங்கியவன் அதை நம்மைவிட நன்றாகவே பேசுவான். முந்திரிக்கொட்டையைப் பற்றி அவனால் பேச முடியாது.

ஆங்கிலம் தெளிவாக இருந்தால் போதும். மெதுவாகப் பேசுங்கள். நம் உச்சரிப்பு நம் உச்சரிப்புதான், அதை ஒளிக்க வேண்டாம். விதிகள் அனுமதித்தால் ஒரு பகுதியைத் தமிழில் பேசி, கீழே மொழிபெயர்ப்பு போடுங்கள். விதிகளை நீங்களே படியுங்கள், ஏஜெண்ட் சொல்வதைக் கேட்காதீர்கள். சிகாகோ தன் குறிப்பில், வீடியோவைப் பளபளப்பாக்க வேண்டாம், எடிட் செய்யவும் தேவையில்லை என்ற பொருளில்தான் எழுதியிருக்கிறது.

எடுக்கிற முறையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கைப்பேசியை இரண்டு செங்கல் மேல் கண் மட்டத்துக்கு வையுங்கள். சன்னலைப் பார்த்து உட்காருங்கள், சன்னலுக்கு முதுகு காட்டினால் முகம் இருண்டுவிடும். படத்தைவிட ஒலி முக்கியம். மின்விசிறியை நிறுத்துங்கள். இயர்போனில் இருக்கிற மைக் போதும். மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி போடுகிற நேரத்தைத் தவிருங்கள், விடியற்காலை நல்லது. முழுவதையும் எழுதி வைத்துப் படிக்காதீர்கள், கண் ஓடுவது தெரியும். நான்கு குறிப்பு எழுதி, கேமராவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். முதல் வாக்கியம் உங்களைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாததாக இருக்கட்டும். பெயர், ஊர், பள்ளி எல்லாம் விண்ணப்பத்திலேயே இருக்கிறது.

சுவரைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பூசாத செங்கல், தொகுப்பு வீட்டுச் சுவர். மறைக்கவும் வேண்டாம், காட்டிக் காசு பார்க்கவும் வேண்டாம். அம்பேத்கர் படம் மாட்டியிருந்தால் கழற்றாதீர்கள்.

சாதியைச் சொல்லலாமா என்பது கடினமான கேள்வி. இடஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் கொடுப்பது வேறு, முகத்தோடு ஒரு வீடியோவில் சொல்வது வேறு. இதில் யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, நம் இயக்கத்தோழர்கள் உட்பட. அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இல் சாதிப் பாகுபாட்டைத் தன் விதிகளில் சேர்த்தது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகமும் பிரவுனும் 2022இல் சேர்த்தன. அங்கே படிக்கப் போன நம் ஆட்கள் போராடியதால் வந்த விதிகள் அவை. அதாவது, சாதி அங்கேயும் விமானம் ஏறிப் போயிருக்கிறது என்று அந்தப் பல்கலைக்கழகங்களுக்கே தெரியும். சொல்வது என்று முடிவெடுத்தால், 2000 ஆண்டு வரலாற்றை ஒன்றரை நிமிடத்தில் விளக்க முயலாதீர்கள். உங்கள் பள்ளியில், உங்கள் தெருவில், உங்கள் கண் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள், அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

வீடியோவை எங்கே ஏற்றுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். யூடியூபில் ஏற்றச் சொன்னால், இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள், எல்லோருக்கும் திறந்து வைக்காதீர்கள். வீட்டு முகவரி, பள்ளிச் சீருடையின் பெயர்ப்பட்டை, தங்கச்சி தம்பிகளின் முகம் வேண்டாம். குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், ஊர்ப் பிரச்சினையைப் பெயர் சொல்லிப் பேசியிருந்தால், அது உள்ளூர் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போனால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். சேர்க்கை முடிந்ததும் அழித்துவிடலாம். இடம் கிடைக்கவில்லை என்றாலும் அழித்துவிடலாம். அந்த ஒன்றரை நிமிடத்தை யாரோ ஒருவர் நிராகரித்தார் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது. முதலில் சொன்ன அந்த முகமில்லாத தரவரிசைப் பட்டியல் இங்கே இருக்கிறது. அதைக் காப்பாற்ற வேண்டிய வேலையும் இருக்கிறது, அதைப் பற்றி வேறொரு ஞாயிற்றுக்கிழமை பேசுவோம்.

இப்போது கைப்பேசி இருக்கிறவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் ஒரு பக்கம் என்று உட்காராதீர்கள். கலந்து, மூன்று மூன்று பேராக உட்காருங்கள். ஒருவர் பேச, ஒருவர் எடுக்க, ஒருவர் கேள்வி கேட்க வேண்டும். பிறகு இடம் மாறிக்கொள்ளுங்கள். கேள்வி கேட்பவர் பெற்றோர் பெயரையும் தெருவையும் கேட்கக்கூடாது. சாப்பாடு ஒரு மணிக்கு.